விரல் பள்ளம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் கூப்பிட்டால் "தைச்சுக்கிட்டிருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அப்பாவிடம் கொடுத்தால் அவருக்குப் பாதி காதில் விழுவதில்லை, மீதியை அவரே இட்டுக்கட்டிக்கொள்கிறார். அதனால் எழுதுகிறேன். கடிதத்தையும் நீ பாதியில் தூக்கிப் போடலாம், ஆனால் திரும்ப வந்து படிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அப்பாவை ஒரு மாதம் என்னோடு வைத்துக்கொள்ளச் சொன்னாய். எனக்கிருப்பது ஒற்றை அறை, மூன்றாவது மாடி. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஓட்டிய மனுஷனை மூட்டு வலியோடு படி ஏறச் சொல்லவா? இதைச் சொன்னதற்குத்தான் "சாக்குச் சொல்றதுல நீ பெரிய ஆளுடா" என்றாய். சரி, பெரிய ஆளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நீளப் பெட்டி வந்து சேரும். அதில் நம் வீட்டுக் குளியல் தொட்டிக்கு நான் வரைந்த ஒரு சட்டமும், பக்கத்தை மூடுகிற மூன்று பேனல்களும் இருக்கும். டாக்டர் அப்பாவைத் தினமும் வெந்நீரில் உட்காரச் சொன்னபோது, பக்கவாட்டில் கீறல் விழுந்ததென்று எங்கள் கம்பெனி ஒதுக்கிய தொட்டியை நான்தானே கேட்டு வாங்கி அனுப்பினேன்? அந்தக் கீறல் பல்லிளிக்கிறது என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்காட்டுகிறாய். இனி அது தெரியாது.

சட்டத்தைத் தொட்டியின் பக்கத்தில் குழாய்க்காரரை விட்டுப் பொருத்தச் சொல். அதில் காந்தப் பட்டை இருக்கிறது. பேனலைக் கிட்டே கொண்டுபோனால் டப்பென்று ஒட்டிக்கொள்ளும். சலித்துப்போனால் எடுத்துவிட்டு வேறு மாட்டலாம். அலை ஒன்று, இலை ஒன்று, செங்கல் ஒன்று. கழற்றுவதற்கு ஆயுதமே வேண்டாம். மேல் விளிம்பில், தொட்டி வாய்க்குச் சற்றுக் கீழே, நாலு விரல் நுழைகிற ஒரு பள்ளம் இருக்கும். விரலைக் கொடுத்து இழுத்தால் கையோடு வந்துவிடும். நாலே விநாடி.

போன தடவை சாப்பாட்டு மேசையில் அப்பாவின் கையைப் பிடித்துக் களிமண்ணில் அழுத்தினேனே, "பைத்தியமாடா உனக்கு" என்று கேட்டாயே, அது இதற்குத்தான். விறைத்த விரலுக்கும் வசதியாக இருக்கவேண்டும் என்பதற்காக அவர் விரலையே அளவாக வைத்தேன். அது அவருடைய கை என்று அவரிடம் சொல். எத்தனை வீட்டுக் குளியலறையில் அப்பாவின் கை இருக்கப்போகிறது தெரியுமா?

உன் தம்பி,
பல்லி


பிப்ரவரி 16

தம்பிக்கு,

பெட்டி வந்தது. கீழ்வீட்டுக் குழாய்க்காரர் அதைத் தோளில் தூக்கி வந்து, "யாரும்மா இது, ஆளை மடிக்காமலே அனுப்பிட்டாங்க" என்றார். அவரே பொருத்தியும் கொடுத்தார். நன்றாகத்தான் இருக்கிறது. சின்ன வயதில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றதற்குத்தான் உனக்குப் பல்லி என்று பெயர் வைத்தேன், இப்போது நீ செய்கிற சாமானும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் குளியலறைக்குள் கூட்டிப்போகிறார். தபால்காரருக்குக் காட்டியாயிற்று. கரண்ட் ரீடிங் எடுக்க வந்த பெண்ணுக்கும் காட்டினார். "என் கை, பாரும்மா" என்று விரலை உள்ளே விட்டு, டப்பென்று கழற்றி, டப்பென்று மாட்டி. செங்கல் போட்ட பலகை வேண்டாமாம், பாதி கட்டின வீட்டில் குளிக்கிற மாதிரி இருக்கிறதாம். அலைதான் பிடித்திருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாற்றுகிறார், இரண்டு தடவையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

இப்போது நான் சொல்லவந்ததைக் கேள். வியாழக்கிழமை குளித்துவிட்டு வெளியே வரும்போது, ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, வலக்கையைத் தொட்டி வாய்க்கு மேலாகக் கொடுத்திருக்கிறார். விரல் நேராகப் பள்ளத்துக்குள் போயிருக்கிறது. போகாமல் என்ன செய்யும், அது அவர் கைக்கே வெட்டியது. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் கம்பிக் கதவைப் பிடித்து இழுத்த கை வேறு. அதைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார், பலகை கையோடு வந்துவிட்டது. நல்ல வேளை, பின்னால் சாய்ந்து தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் தையல்காரி, எனக்கு உன் படிப்பு இல்லை. ஆனால் பிரஸ் பட்டன் வைத்துத் தைக்கும்போது, இழுபடுகிற இடத்தில் அதை வைக்கக்கூடாது என்று முதல் மாதமே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். கழன்று வருவதற்கென்றே இருக்கிற சாமானை, கை போய்ப் பிடிக்கிற இடத்தில் வைக்கலாமா? பள்ளத்தைக் கீழ் விளிம்பில் வைத்தால் என்ன? கழற்ற நினைக்கிறவன் குனிந்து கழற்றட்டும்.

யோசித்து எழுது.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா பலகையை ரசிக்கிறார் என்பதைப் படித்துவிட்டுப் பட்டறையில் எல்லோரிடமும் சொன்னேன்.

பள்ளத்தைப் பற்றி. நீ சொல்வது புரியாமல் இல்லை. ஆனால் இந்த டிசைனைத் தேர்ந்தெடுத்ததே அந்தப் பள்ளத்துக்காகத்தான். மேலாளர் முன்னால் நான் குனியாமல், நின்ற வாக்கில், ஒரு கையால் கழற்றிக் காட்டினேன். அறை முழுக்கக் கை தட்டினார்கள். எட்டு வருஷமாக அடுத்தவன் வரைந்ததற்கு அளவு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு முதல் தடவையாகக் கை தட்டினார்கள், அக்கா. இப்போது போய்ப் பள்ளத்தைக் கீழே இறக்குகிறேன் என்றால், "வீட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து கழற்றணுமா?" என்பார்கள். அச்சும் செய்தாகிவிட்டது.

தவிர, அது பிடித்து எழுவதற்கான இடமே இல்லை. பேனலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே, "இதன் மேல் பாரம் கொடுக்காதீர்கள்" என்று? சுவரில் கைப்பிடி இருக்கிறது. அதைப் பிடிக்கச் சொல்.

உன் மனத் திருப்திக்கு ஒன்று செய்கிறேன். சட்டத்தின் இரண்டு முனையிலும் துளை விட்டிருக்கிறேன். முதலில் வரைந்தபோது முனைக்கொரு திருகாணி இருந்தது, போட்டுவிட்டால் பேனல் அசையாது. திருகாணி இருந்தால் மாற்றுகிற வசதி எங்கே என்று மேலாளர்தான் எடுக்கச் சொன்னார். உனக்கு அந்த இரண்டையும் தனியாகத் தபாலில் அனுப்புகிறேன். நீ பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் ஆகாது.

பல்லி


மார்ச் 9

தம்பிக்கு,

திருகாணி வரவில்லை.

ஸ்டிக்கரை அப்பா முதல் நாளே உரித்துவிட்டார், அலைக்கு நடுவில் எழுத்து எதற்கு என்று. சுவர்க் கைப்பிடி இடப்பக்கம் இருக்கிறது, அவர் வலது கால் மடங்காது. இதெல்லாம் நீ வந்து ஒரு வாரம் இருந்தால் உனக்கே தெரியும்.

பள்ளத்தின் மேல் துணி நாடாவை வைத்து ஒட்டிப் பார்த்தேன். பிய்த்துப் போட்டுவிட்டார். "என் பையன் எனக்குன்னு செஞ்ச பிடிடி, அதைப் போய் மூடுறியே" என்கிறார். பிடி இல்லைப்பா, அது கழற்றுகிற இடம் என்றால், "எல்லாம் எனக்குத் தெரியும்" என்கிறார். நீயே அவருக்கு நாலு வரி எழுது. நான் சொன்னால் அது தொணதொணப்பு, நீ எழுதினால் அது வேதம்.

ஆஸ்பத்திரிக்கு நோயாளி அங்கி நூற்றிருபது தைத்துக் கொடுக்கவேண்டும். இவர் அரை மணிக்கு ஒரு தரம் கூப்பிடுகிறார். தண்ணீர் ஆறிவிட்டது, மணி என்ன, சோப்பு எங்கே, இன்று இலையா அலையா. நான் மிஷினை நிறுத்தி, எழுந்து, போய், வந்து, நூலைத் திரும்பக் கோத்து. கை தளர்ந்துபோகிறது. உன்னிடம் சொல்லி என்ன.

அக்கா


மார்ச் 14

அக்கா,

அவசரத்தில் எழுதுகிறேன். ஜூனில் கடைகளுக்கு அனுப்பப்போகிறோம், தலைக்கு மேல் வேலை. திருகாணியை மறந்தே போனேன், மன்னித்துவிடு. மாதக் கடைசியில் இரண்டு நாள் வருகிறேன், கையோடு கொண்டுவந்து நானே போட்டுவிடுகிறேன். இன்னும் பதினைந்து நாள்தானே.

அப்பாவிடம் நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

பல்லி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நீ சாப்பிடாமல் கிளம்பிப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். உன்னைத் தடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு வீட்டில் கத்தியதில் பாதி உன் காதில் ஏறியிருக்காது. அதனால் எழுதி வைக்கிறேன். மார்ச் இருபத்தொன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு அப்பா தொட்டியிலிருந்து வெளியே வரும்போது உன் பள்ளத்தைப் பிடித்தார். இந்தத் தடவை பின்னால் சாயவில்லை. பலகையோடு முன்னால் வந்து தரையில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. உன்னிடம் போனில் சொன்னேன். "கூட்டம் இருக்கு, முடிச்சுட்டு வந்துடறேன்" என்றாய். ஐந்தாம் நாள் வந்தாய். அதற்குள் சளி நெஞ்சில் கட்டி, அவருக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. எட்டாம் நாள் போய்விட்டார். அவருக்குப் போட்டிருந்த அங்கி நான் தைத்தது. நாடாவில் இரட்டைத் தையல் போடுவது நான் ஒருத்திதான்.

இதெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அவரைக் கொண்டுபோவதற்கு முன்னால், வீடு நிறைய ஆள் இருக்கும்போது, உன்னைக் காணோமே என்று தேடிவந்தேன். நீ குளியலறையில் குந்தி உட்கார்ந்து, நான் சுவரோரம் சாத்தி வைத்திருந்த பலகையை எடுத்துத் தொட்டியில் மாட்டி, முனையில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பா கூடத்தில் கிடக்கிறார், உனக்கு உன் சாமான் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டியிருந்தது. அதைப் பார்த்தபிறகுதான் நான் கத்தினேன்.

ஒன்று கேட்கிறேன், இதுதான் கடைசியாகக் கேட்பது. அந்தப் பலகை கடைக்குப் போகக்கூடாது. பள்ளத்தைக் கீழே இறக்கு, அல்லது திருகாணியைப் போடு, அல்லது தூக்கிக் குப்பையில் எறி. மூட்டு வலிக்காரர்கள் இருக்கிற வீட்டில்தான் தொட்டி வாங்குவார்கள். எல்லோரும் அப்பா மாதிரியே கையை வைப்பார்கள்.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதி நீ எழுதிய கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. "ஒன்றும் ஆகாது" என்று எழுதியிருக்கிறாய். நீ செய்யவில்லை என்றால் அதை எங்கே அனுப்பவேண்டும் என்று விசாரித்து அனுப்புவேன்.

அக்கா


ஏப்ரல் 13

அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

அந்தப் பேனல் பாரம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. எச்சரிக்கை ஒட்டப்பட்டிருந்தது. உரித்தது நான் இல்லை. இந்த நிலையில் நீங்கள் என் கடிதத்தை வெளியே காட்டினால் முதலில் போவது என் வேலை. பிறகு கம்பெனி என்மேல் வழக்குப் போடும். பட்டறையில் என்னை நம்பி நாற்பது பேர் இருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை எனக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். யாரிடமும் காட்டவேண்டாம். மே ஐந்தாம் தேதி முதல் தொகுதியை அடிக்க ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் எந்தப் பேச்சும் கிளம்பக்கூடாது.

குளியலறையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. சொல்லப்போவதும் இல்லை.

ஒன்று மட்டும் நானும் கேட்கிறேன். "அப்பா கூப்பிடவே இல்லை, சத்தம் கேட்டுத்தான் ஓடினேன்" என்று டாக்டரிடம் சொன்னீர்கள், என்னிடமும் சொன்னீர்கள். கிளம்புகிற அன்று கீழ்வீட்டுக் குழாய்க்காரர் என்னிடம் பேசினார். "பெரியவர் கூப்பிடறதும் மிஷின் ஓடறதும் தினம் கேட்கிறதுதானே தம்பி, அன்னைக்கும் ரொம்ப நேரம் கேட்டுது, நான் ஒண்ணும் நினைக்கலை" என்றார். ரொம்ப நேரம் என்றால் எவ்வளவு நேரம்? கூடத்திலிருந்து குளியலறை பன்னிரண்டு அடி. நான் அளந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி


ஏப்ரல் 26

பல்லி,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து உன் வாயில் வராத மரியாதை.

எவ்வளவு நேரம் என்று கேட்டாய். இருபது நிமிஷம். சொல்கிறேன், உட்கார்ந்து படி.

அன்று காலை ஆறு தடவை கூப்பிட்டார். முதலில் தண்ணீர் சூடு. அப்புறம் துண்டு. அப்புறம் மணி என்ன. அப்புறம் அலை நேராக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்று வந்து பார்க்கச் சொன்னார். நேராகத்தான் இருந்தது. ஐந்தாவது எதற்கென்று ஞாபகம் இல்லை. ஆறாவது, "அவன் எத்தனாம் தேதி வர்றான்னு சொன்னான்?" நூறு தடவை சொன்ன பதில். "உங்க பையன் வரும்போது வருவான், எனக்குத் தைக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்துவிடும், இன்னும் எட்டு அங்கி பாக்கி.

ஏழாவது தடவை கூப்பிட்டார். என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. நான் பெடலை அழுத்தி மிதித்தேன், சத்தத்தில் காது அடைக்கட்டும் என்று. திரும்பக் கூப்பிட்டார், திரும்ப மிதித்தேன். அங்கிக்கு ஒரு கை முழுதாக மூட்டினேன், அதைத் திருப்பிப் போட்டு மடிப்புத் தைத்தேன். குரல் நின்றபோது, அப்பாடா, அடங்கினார் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். இதை நான் எந்தச் சாமியிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

கையிலிருந்த அங்கியை முடித்து மடித்து வைத்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். விழுந்து வெகுநேரம் ஆகியிருந்தது. தண்ணீரெல்லாம் ஆறிவிட்டது. பலகை அவருக்கு அடியில் கிடந்தது. வலக்கை விரல் நாலும் பள்ளத்துக்குள்ளேயே இருந்தன, நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். உதடெல்லாம் நீலம். என்னைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? வலிக்கிறது என்று சொல்லவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. "பலகை உடைஞ்சுடுச்சா பாரு. அவன்கிட்ட சொல்லிடாதே" என்றார்.

அதற்கு மேல் அவர் ஒழுங்காகப் பேசவே இல்லை.

அவர் விழுந்தது கேட்டு ஓடினேன் என்று டாக்டரிடம் வாய் தவறி வந்துவிட்டது. அப்புறம் அதையே எல்லோரிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல அதுவே நடந்த மாதிரி ஆகிவிட்டது. உன்மேல் எவ்வளவு சத்தம் போடுகிறேனோ அவ்வளவுக்கு என் மிஷின் சத்தம் மறையும் என்று பார்த்தேன் போல. நீ குளியலறையில் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபத்தோடு கொஞ்சம் நிம்மதியும் வந்தது. என்னைவிட மோசமானவன் ஒருவன் இருக்கிறான் என்ற நிம்மதி. அவ்வளவு கேவலம் நான்.

உன் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. கிழித்துப் போட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. நான் பிப்ரவரியில் எழுதியது உன்னிடம் இருக்கும். அதையும் என்ன செய்வாயோ செய். நான் சொன்னது தப்பா சரியா என்பது இப்போதும் மாறவில்லை. பள்ளம் மேலே இருக்கக்கூடாது.

அக்கா


மே 7

அக்கா,

நீ அனுப்பியதை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். முதல் நாள் கிழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை.

இரண்டாம் நாள் மேலாளரிடம் போனேன். என் கடிதத்தையும் பிப்ரவரியில் நீ எழுதியதையும் சேர்த்து அவர் மேசைமேல் வைத்தேன். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் விஷயம் விளங்குகிறது. அவர் நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார். "இது உங்க வீட்டு விஷயம். நான் எதையும் படிக்கலை, நீங்களும் எதையும் காட்டலை. போய் வேலையைப் பாருங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. காபி வேண்டுமா என்றுகூடக் கேட்டார்.

மே ஐந்து காலை, மிஷினில் ஏற்றுவதற்கு அச்சைத் துடைத்து வைத்திருந்தார்கள். விரல் பள்ளம் வருகிற பகுதி அதில் தனித் துண்டு. அப்பாவின் களிமண்ணிலிருந்து நானே பத்து நாள் இழைத்து இழைத்துச் செய்தது. ஆட்காட்டி விரல் பக்கம் கொஞ்சம் ஆழம் கூட இருக்கும், அந்த விரல்தானே அவருக்கு மடங்காது. அந்தத் துண்டைக் கழற்றி, அறுக்கிற சக்கரத்தில் கொடுத்தேன். பொறி பறந்தது. நாற்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருத்தரும் தடுக்கவில்லை. முடிகிற வரைக்கும் அப்பாவின் கையையே அறுக்கிற மாதிரிதான் இருந்தது.

மதியத்துக்குள் வேலை போய்விட்டது. வாசல் வரை இரண்டு காவலாளிகள் கூட வந்தார்கள். அவர்கள் வேறு அச்சுச் செய்துகொள்ளலாம், பள்ளத்தை மேலேயே வைக்கலாம், என்னால் தடுக்க முடியாது. அதனால் இரண்டு கடிதத்தையும் தரச் சோதனை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பதில் வருமா என்று தெரியாது. என்மேல் வழக்கு வரும், அது தெரியும்.

மிஷின் சத்தத்தைப் பற்றி நான் எழுதியிருக்கக்கூடாது. உனக்கு இருந்தது இருபது நிமிஷம், அதிலும் எட்டு அங்கி பாக்கி. எனக்கு மூன்று வாரம் இருந்தது. இரண்டு திருகாணியை உறையில் போட்டு ஸ்டாம்பு ஒட்டவேண்டும், அவ்வளவுதான் வேலை.

களிமண் காய்ந்து எப்போதோ உடைந்துவிட்டது. அச்சும் இல்லை. அப்பாவின் விரல் இனி நீ வைத்திருக்கிற அந்த மூன்று பேனல்களில் மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்யவேண்டும் என்று சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. தெரிந்துகொள் என்று எழுதினேன்.

பல்லி


மே 18

பல்லி,

உன் கடிதம் வருவதற்கு முந்தின வாரமே இலையையும் செங்கலையும் குப்பை வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டையும் காலால் மிதித்து உடைத்துத்தான் கொடுத்தேன், யாரும் எடுத்துப்போய் மாட்டிவிடக்கூடாது என்று. எனக்கு எப்படித் தெரியும்.

அலை ஒன்றுதான் மிச்சம். அப்பா போன அன்றிலிருந்து நான் குளியலறைக்குள் போகவில்லை, பின்பக்கக் குழாயடியிலேயே வாளியில் பிடித்துக் குளித்துக்கொள்கிறேன். வண்டிக்காரர் மறுநாளும் வருவதாகச் சொன்னார். அதையும் தொலைத்துவிடலாம் என்று அன்று மாலை மனதைக் கல்லாக்கிக்கொண்டு உள்ளே போனேன். பார்க்காமல் இழுத்துவிடவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்துக்குள் கையை விட்டேன். என் விரலுக்கு அது பெரிது. இழுத்தேன்.

வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தேன். தொட்டியில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். இம்மிகூட அசையவில்லை. நாலு விநாடி என்று எழுதியிருந்தாயே என்று உன்னைத் திட்டிக்கொண்டே குனிந்து பார்த்தேன். இந்த முனையில் ஒரு திருகாணி. அந்த முனையில் ஒரு திருகாணி. தலை இரண்டும் புதுசு, துருவே இல்லை.

அன்றைக்கு வீடு நிறைய ஆள் இருந்தபோது நீ தட்டிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சொல்லப்போவதும் இல்லை என்று எழுதினாயே, ராஸ்கல். கத்தினபோதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? அப்பா கூடத்தில் கிடக்கும்போது, யாருக்காக அதைப் போட்டாய்? கொண்டுவந்து போடுகிறேன் என்று சொன்னாய், போட்டுவிட்டாய். குளியலறைத் தரையில் உட்கார்ந்து, அப்பா போனபிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். கீழ்வீட்டுக் குழாய்க்காரர் மேலே ஓடிவந்து கதவைத் தட்டினார். இனிமேல் எந்தச் சத்தம் கேட்டாலும் வந்துவிடுவாராம்.

அவரை அனுப்பிவிட்டு, புடவையோடு, தண்ணீரில்லாத தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தேன். அப்பா வெளியே வருகிற மாதிரியே ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டு, வலக்கையைப் பள்ளத்தில் கொடுத்து, மொத்தப் பாரத்தையும் அதன்மேல் போட்டு எழுந்தேன். தாங்கியது. திரும்ப இறங்கி, திரும்ப எழுந்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் தாங்கியது.

வண்டிக்காரரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

வேலையும் இல்லாமல் அந்த ஒற்றை அறையில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்யப்போகிறாய்? வழக்கு வந்தால் இந்த முகவரிக்கும் வரும். வந்து சேர். வரும்போது திருகாணி கழற்றுகிற சாமான் எதையும் எடுத்து வராதே.

அக்கா